காய்ச்சல் பறித்த செவியும் காக்ளியர் கருவியும்



பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் முதலில் பார்ப்பவர் தோட்டத்து டிரெசர். நோய் முற்றினால்தான் ஈப்போ பெரிய மருத்துவமனை. மூளைக்காய்ச்சலில் பிழைத்த பிள்ளை, அழைத்தால் திரும்பிப் பாராவிட்டாலும், உயிர் தப்பியதே பெரிது என்று பெற்றோர் மனந்தேறினர். காது கேளாத பிள்ளைகளுக்கான கூட்டரசுப் பள்ளி 1954இல் பினாங்கில் தொடங்கப்பட்டது. ஆயினும் இழந்த செவியை மீட்கும் வழி அன்று எங்குமே இல்லை.

மூளையைச் சூழ்ந்த உறையில் கிருமி தொற்றுவதே இந்நோய். அது உட்காதுக்கும் பரவினால், நத்தை ஓடு போல் சுருண்ட செவிச்சுருளின் மயிரணுக்கள் அழிந்துவிடும், மீண்டும் முளைக்கமாட்டா. ஆனால், செவி நரம்பு பெரும்பாலும் எஞ்சியிருக்கும். அந்நரம்பை மின்சாரத்தால் நேரே தூண்டுவதே காக்ளியர் கருவியின் வேலை.

1957இல் பாரிசில் ஜூர்னோ, ஏரியே என்னும் இருவர் இம்முறையால் காது கேளாத ஒருவருக்கு ஒலியை உணர்த்தினர். மின்முனைக் கம்பியைச் சுருளுக்குள் ஆழச் செலுத்துவது எப்படி என்பது ஆஸ்திரேலிய மருத்துவர் கிரேம் கிளார்க்கை வாட்டிய வினா. 1977இல் கடற்கரையில் ஒரு சங்குக்குள் புல்லிதழை நுழைத்துப் பார்த்தார். நுனி வளைந்து கொடுக்க, அடி விறைப்பாய் நிற்க, புல் எளிதாக உள்ளே சென்றது. விடை கிடைத்தது. 1978 ஆகஸ்ட் 1ஆம் நாள் மெல்பர்னில் அவர் பலமுனைக் கருவியை முதன்முதலாகப் பொருத்தினார். 1990இல் அமெரிக்க அரசு இரண்டு வயது நிரம்பிய பிள்ளைகளுக்கும் கருவியை அனுமதித்தது. நம் நாட்டில் 1995இல் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அப்துல்லா சானி முகமது இச்சிகிச்சையைத் தொடங்கி வைத்தார்.

நான் இவ்வரலாற்றை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. மூளைக்காய்ச்சலுக்குப் பின் செவிச்சுருளுக்குள் எலும்பு வளரக்கூடும். சில வாரங்களிலேயே அது தொடங்கலாம். வழி அடைபட்டால் புல் நுழையுமா? கருவியை முழுமையாகப் பொருத்துவதும் கடினமாகிவிடும். ஆகவே, "வளர வளரச் சரியாகும்" என்று காத்திருத்தல் தகாது. பிள்ளை மருத்துவமனையை விட்டு வருமுன்பே செவிப் பரிசோதனை செய்யுமாறு கேளுங்கள். அது தவறியிருப்பின், நாள் கடத்தாமல் செய்யுங்கள்.

வருமுன் காப்பதும் நம் கையில் உள்ளது. இந்நோயை உண்டாக்கும் கிருமிகளுள் ஹிப் கிருமிக்கான தடுப்பூசி 2002இலும், நிமோகாக்கல் தடுப்பூசி 2020இலும் நம் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டன. தவறாது போடுங்கள்.

ஆசிரியர்களே, காய்ச்சலுக்குப் பின் பள்ளிக்குத் திரும்பும் பிள்ளை பாடத்தைக் கவனிக்கவில்லையெனில், பிடிவாதம் என்று முடிவு செய்யுமுன் காது கேட்கிறதா என்று பாருங்கள். கருவி பொருத்திய பிள்ளையாயின் முன்வரிசையில் அமர்த்தி, முகம் பார்த்துப் பேசுங்கள். கருவி ஒலியைத்தான் தரும். அதைச் சொல்லாக்குவது பல்லாண்டுப் பயிற்சியும் வீட்டாரின் பேச்சுமே.

இன்று தோட்டங்கள் பல மறைந்து, நம் மக்கள் பட்டணம் வந்துவிட்டனர். மருத்துவமனையும் அருகில் வந்துவிட்டது. காத்திருக்கும் பழக்கத்தை மட்டும் உடன் கொண்டு வர வேண்டாமே.