இழிசனர் வழக்கும் ஒரு கிழவியின் பேச்சும்

பத்திரிகையில் உதவி ஆசிரியனாகச் சேர்ந்த புதிதில், வாரமலருக்கு வந்த சிறுகதையொன்றைத் திருத்தினேன். கதையில் வரும் கிழவி கிணற்றடியில் நின்று, "அவையள் வீட்டிலைதான் இருக்கினம்" என்கிறாள். நான் அதை "அவர்கள் வீட்டில்தான் இருக்கின்றனர்" என்று மாற்றினேன். கதை அச்சான வாரமே எழுத்தாளர் நேரில் வந்தார். சண்டை பிடிக்கவில்லை. "தம்பி, என்ரை கிழவியை எங்கை விட்டிட்டீர்?" என்று மட்டும் கேட்டார்.

கதைப்பின்னல், பாத்திர வார்ப்பு, நோக்குநிலை, பகைப்புலம் என்றெல்லாம் பல்கலைக்கழகத்தில் பாடமாக்கியவன் நான். ஆயினும், கதைசொல்லியின் மொழி வேறு, பாத்திரத்தின் மொழி வேறு என்ற பாலபாடம் அன்றுதான் விளங்கிற்று. (நாவலுக்குப் 'புதினம்' என்ற சொல்லும் அந்தப் பாடங்களில் இருந்தது. யாழ்ப்பாணத்திலோ புதினம் என்றால் செய்தி. பத்திரிகைக்காரனுக்கு அது நாவலன்று, பிழைப்பு.)

நான் தெரியாமற் செய்ததைத் தெரிந்தே செய்யச் சொன்னவர்களும் நம்மிடையே இருந்தனர். 1960களின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கிய உலகைக் கலக்கிய மரபுப் போராட்டத்தில் அடிபட்ட சொல் 'இழிசனர் வழக்கு'. வழக்கு என்பது உயர்ந்தோரைச் சார்ந்தது என்னும் தொல்காப்பிய மரபைக் காட்டி, கதைகளிற் பேச்சுத் தமிழ் நுழைவதைப் பண்டித மரபினர் எதிர்த்தனர். பார்வைக்கு அது இலக்கணச் சொல். உள்ளே இருந்தது சாதி. 1954இல் உருவான முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தைச் சார்ந்து எழுதியவர்களுள் டொமினிக் ஜீவா, கே. டானியல், என். கே. ரகுநாதன் முதலியோர் ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்தவர்கள். தாயிடம் கேட்ட தமிழே இழிந்ததென்றால், அந்தத் தாயை அவர்கள் எந்தத் தமிழில் எழுதுவது?

கைலாசபதியும் சிவத்தம்பியும் இவர்கள் பக்கம் நின்று வாதிட்டனர். மண்வாசனை, தேசிய இலக்கியம், யதார்த்தம் ஆகிய சொற்கள் நமது விமர்சனத்தில் வேரூன்றியது இக்காலத்திலேதான். பின்னர் முற்போக்கு அணியிலிருந்து பிரிந்து 'நற்போக்கு' என்று தனிக்கொடி பிடித்த எஸ். பொன்னுத்துரையும், பேச்சுத் தமிழ் விடயத்தில் பண்டிதர்களுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' 1960இல் நூலாகி, சாகித்திய மண்டலப் பரிசும் பெற்றது. வாதத்துக்கு அதைவிடப் பதில் வேண்டியதில்லை.

ஆனால் பேச்சுத் தமிழை அள்ளித் தெளித்தால் யதார்த்தம் வந்துவிடும் என்று நம்பிப் பலர் எழுதிய கதைகளும் அக்காலத்தில் உண்டு. பெரும்பாலானவற்றை இன்று வாசிக்க முடியவில்லை.

ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்' அப்படியன்று. முரண்நகை என்றால் என்ன என்று இளம் நிருபர்கள் என்னைக் கேட்டால் இக்கதையையே எடுத்துக் கொடுப்பேன். கூட்டத்திற் பேசிவிட்டு வீடு திரும்பிய பெரியவரைத் தேடி ஒடுக்கப்பட்ட மக்கள் வருகிறார்கள். அவர்களை அவர் வீட்டினுள் அழைக்கவில்லை. நிலவிலே பேசலாமென்று வெளியே அழைத்துச் செல்கிறார். கடுஞ்சொல் ஒன்றுகூட இல்லை. அவர் பேசுவது உயர்ந்தோர் வழக்குத்தான்.