சங்கனூர்ப் பள்ளம்

காந்திபுரத்திலிருந்து சத்தி சாலை வழியாகக் கணபதிக்குச் செல்வோர் வழியில் ஒரு நீரோடையைக் கடக்கிறார்கள். அதைக் கவனிப்பவர் சிலரே. கவனிப்போரும் சாக்கடை என்றே எண்ணுவர். அதுதான் சங்கனூர்ப் பள்ளம்.

பள்ளம் என்றால் குழி என்று பிற மாவட்டத்தார் நினைக்கக்கூடும். கொங்கு நாட்டில் மழைக்காலத்தில் மட்டும் நீர் ஓடும் காட்டாற்றுக்கே அப்பெயர். ஆண்டு முழுதும் ஓடாததால் அதை ஆறு என்று யாரும் அழைத்ததில்லை.

இதன் நீர் வருவது நகருக்கு வடமேற்கேயுள்ள தடாகம் பள்ளத்தாக்கிலிருந்து. ஆனைகட்டி, குருடிமலைச் சரிவுகளில் விழும் மழை சிற்றோடைகளாகத் திரண்டு இறங்குகிறது. அதே குருடிமலையின் மறுபுறச் சரிவில் விழும் துளியோ கௌசிகா நதியைச் சேர்ந்து, திருப்பூருக்கு அருகே நொய்யலில் கலக்கிறது. ஒரு மலைமுகடு இரு ஓடைகளுக்கு எல்லையாக நிற்கிறது. இதையே நீர்ப்பிரிமேடு என்கிறோம். சங்கனூர்ப் பள்ளம் மேட்டுப்பாளையம் சாலையைக் கடந்து, கண்ணப்ப நகர், ரத்தினபுரி வழியே வளைந்து, அவினாசி சாலையையும் தாண்டிச் சிங்காநல்லூர்க் குளத்தை நோக்கிச் செல்கிறது. குளத்தின் மிகுதி நீர் நொய்யலுக்கு.

கோவை மலைமறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மலைத்தொடரே வாங்கிக்கொள்கிறது. அக்டோபர், நவம்பரில் வரும் வடகிழக்குப் பருவமழையே இங்கு முக்கியம். அடியில் இருப்பதோ கெட்டியான கருங்கல் பாறை. பாறையின் மேலுள்ள சிதைந்த மண்ணிலும் வெடிப்புகளிலும்தான் நீர் தங்கும். ஆகவே பள்ளம் நாலு நாள் ஓடினால் போதும். கரையோரக் கிணறுகள் ஊறும். மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் தோட்டக்காரர் கண்டது அந்த ஊற்றைத்தான்.

1873இல் போத்தனூர்–மேட்டுப்பாளையம் ரயில் பாதை வந்தது. 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை, 1910இல் லட்சுமி ஆலை, 1930களில் பைக்காரா மின்சாரம் எனத் தொழில் பெருகிற்று. 1929இல் சிறுவாணி நீர் குழாயில் வந்தது. நல்ல குடிநீர், ஐயமில்லை. ஆயினும் கிணற்றை நம்பியிருந்த கண் பள்ளத்தை விட்டு அகன்றது அப்போதிருந்துதான் என்பது என் கருத்து. ஊர் ஓடையை நோக்கி வளர்ந்தது. கழிவுநீரும் அதிலேயே விடப்பட்டது.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், விழும் நீர் ஒரு கோடி லிட்டர். சோளக்காடாயின் அதில் பெரும்பங்கு மண்ணுக்குள் இறங்கும். அதே இடம் தாரும் சிமெண்டும் பூசிய தெருவாயின், ஏறக்குறைய முழுவதும் உடனே பள்ளத்துக்கு ஓடிவரும். பள்ளத்தின் அகலமோ கரையோரக் கட்டடங்களால் குறைந்திருக்கிறது. மழை கூடாமலே வெள்ளம் கூடுவதும், வெள்ளம் வடிந்த சில வாரங்களில் ஆழ்குழாய்க் கிணறு வற்றுவதும் இப்படித்தான்.

மேலே தடாகத்திலும் நிலை மாறியது. ஓடைகள் காலங்காலமாகக் கொண்டுவந்து படிய வைத்த செம்மண், செங்கல்லுக்காக ஆழமாகத் தோண்டப்பட்டது. ஓடைகள் சில திசை மாறின, சில குழிகளில் முடிந்தன. 2021இல் அங்கிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட சூளைகள் மூடப்பட்டன. நகருக்குள் மாநகராட்சி கரை கட்டும் பணியை மேற்கொண்டது. கரை நீரை வழிநடத்தும், மண்ணுக்குள் இறக்காது. அதற்குத் தடாகத்தின் ஓடைகளிலேயே தடுப்பணைகள் வேண்டும்.

சிங்காநல்லூர்க் குளத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். நீர்க்காகமும் நாரையும் அங்கே இன்னும் வருகின்றன.