43-ம் 8-ம்: ஜீப்பின் பின் ஆக்ஸில் சொல்லும் வரலாறு



நம் விருதுநகர் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஜீப்பை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பி.டி.ஓ. ஜீப், தாசில்தார் ஜீப், தேர்தல் பிரசார ஜீப் என்று எத்தனையோ பார்த்திருக்கிறோம். போடி, கம்பம் பக்கம் ஏலத் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறுவதும் ஜீப்தான். அதன் பின் ஆக்ஸிலின் நடுவில் பானை போல உருண்டிருக்கும் பகுதியின் மூடியில், ஒரு போல்ட்டோடு சேர்த்துச் சின்னத் தகடு ஒன்றைத் தொழிற்சாலையிலேயே மாட்டி அனுப்பினார்கள். அதில் பொறித்த எண்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு அமெரிக்க நிறுவனங்களும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. ஆக்ஸில் ஸ்பைசர் நிறுவனத்துடையது. 1946-ல் அதன் பெயர் டானா ஆயிற்று. போர் ஜீப்பில் கிரவுன் வீலுக்கு 39 பல், பினியனுக்கு 8 பல். வகுத்தால் 4.875.

போர் முடிந்ததும் அதே வண்டியை விவசாயிக்கு விற்க நினைத்தார்கள். ஏர் இழுக்கவும் பாரம் இழுக்கவும் வேகத்தைவிட இழுவைதான் முக்கியம். எனவே 1945-ல் வந்த சிவிலியன் ஜீப்பில் 43 பல், 8 பல் ஆக்கினார்கள். வகுத்தால் 5.375. 1953-ல் வந்த சி.ஜே. 3பி மாடலிலும் இதே கணக்குதான். அந்த மாடலைத்தான் மஹிந்திரா நிறுவனம் உரிமம் பெற்று நம் நாட்டில் பல ஆண்டுகள் செய்தது. ஆக, தகட்டில் 39 என்றால் போர்க்களம், 43 என்றால் வயல்காடு!

கணக்கு வகுப்பை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 43-க்கும் 8-க்கும் 1-ஐத் தவிரப் பொது வகுத்தி கிடையாது. அதனால் பினியனின் ஒரு பல், கிரவுனின் 43 பற்களையும் சந்தித்த பிறகுதான் முதலில் தொட்ட பல்லுக்குத் திரும்பும். தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் சமமாகப் பரவும். 40 பல் வைத்திருந்தால் அதே ஐந்து பற்களோடுதான் கடைசிவரை உரசிக்கொண்டிருக்கும்.

அமெரிக்காவில் 1960-களின் வேகக் கார்களுக்கும் இப்படி ஆக்ஸில் குறியீடுகள் உண்டு. 41-க்கு 11 என்றால் 3.73, 41-க்கு 10 என்றால் 4.10. கார் அசல்தானா என்று பார்க்க அங்கே அந்தக் குறியீட்டைத் தேடிப் படிக்கிறார்கள். விலையே அதில்தான் இருக்கிறது.

நமக்கோ அது விலை சம்பந்தப்பட்டது மட்டும் அல்ல. பழைய ஜீப்புக்கு உடைசல் கடையில் கிடைத்த ஆக்ஸிலை மாட்டுவது வழக்கம். முன்னால் 39, பின்னால் 43 என்று அமைந்துவிட்டால் இரண்டு சக்கர ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது. நான்கு சக்கரத்தையும் இணைத்ததும் முன் சக்கரம் பத்து சதவீதம் வேகமாகச் சுற்றப் பார்க்கும். மண்ணில் வழுக்கிச் சமாளிக்கும். கெட்டியான மலைப்பாதையில் முறுக்கேறி, ஜாயின்ட்டோ பல்லோ போய்விடும். அப்போது வண்டிக்குள் ஆட்கள் இருப்பார்கள்.

தகடு தொலைந்திருந்தாலும் வழி உண்டு. சமதரையில் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். பழைய ஜீப்பின் ஹேண்ட் பிரேக் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கும், அதையும் விட்டுவிடுங்கள். ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஷாஃப்ட்டில் சாக்பீஸ் கோடு போட்டு, சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் குறைந்தால் 39. ஐந்தைத் தாண்டி மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் போனால் 43. முன் ஆக்ஸிலிலும் இப்படியே பார்த்து ஒப்பிடுங்கள்.

ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பெயின்ட் அடிக்கும்போது அந்தத் தகட்டைக் கழற்றி எறியாதீர்கள். துடைத்துத் திரும்ப மாட்டுங்கள். அடுத்து அந்த வண்டியைத் திறப்பவருக்கு அதுதான் பாடப்புத்தகம்.