அரசியல் குறும்பதிவும் 66ஏ பிரிவும்

அரசியல் கருத்தை ஓரிரு வரியில் சமூக ஊடகத்தில் இடுவது குறும்பதிவு. வரி குறைவதால் அதற்குரிய உரிமை குறைவதில்லை. சிவசேனா நிறுவனர் பால் தாக்கரே மறைவையொட்டி 2012 நவம்பரில் மும்பை முடங்கியதைக் கேள்வி கேட்டு முகநூலில் எழுதிய இளம்பெண்ணும், அதற்கு லைக் போட்ட தோழியும் மகாராஷ்டிரத்தின் பால்கரில் கைதானார்கள். ஒரு லைக்குக்கும் கைது! அவர்கள்மீது பாய்ந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, ‘எரிச்சல்’, ‘அசௌகரியம்’ போன்ற வரையறையற்ற சொற்களை வைத்து 3 ஆண்டு வரை சிறைக்கு வழிவிட்டது. இதை எதிர்த்த ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவை முழுதாக ரத்து செய்தது. குறும்பதிவு நொடியில் பரவி வதந்தியாகும், கலவரம் மூட்டும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் விவாதிப்பதும் ஆதரித்து வாதாடுவதும் வேறு, வன்முறைக்குத் தூண்டுவது வேறு என்று தீர்ப்பு பிரித்துக் காட்டியது. தூண்டுதலைத் தண்டிக்கக் குற்றவியல் சட்டம் ஏற்கெனவே இருந்தது.