கடலின் சீற்றமா, கரையின் அலட்சியமா?

மீன் என்றதும் சந்தையும் விலையும் நினைவுக்கு வருகின்றன. அதைப் பிடித்து வந்தவர் நினைவுக்கு வருவதில்லை. அவரை உலகம் திரும்பிப் பார்க்கச் செய்தது, இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் 1968-ஆம் ஆண்டு நடந்த துயரம்.

ஹல் நகரின் ஹெசல் சாலைக் குடும்பங்கள் ஆழ்கடல் மீன்பிடித் தொழிலை நம்பி வாழ்ந்தவை. 15 வயதுப் பையன்கள் பள்ளியை விட்டதும் இழுவைக் கப்பலில் ஏறினார்கள். ஐஸ்லாந்து, பாரன்ட்ஸ் கடல் வரை சென்று திரும்ப ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். கரையில் தங்குவதோ மூன்றே நாள். அதற்குள் சம்பாத்தியத்தைத் தாராளமாகச் செலவழித்ததால் அவர்களுக்கு 'மூன்று நாள் கோடீஸ்வரர்கள்' என்ற பட்டப்பெயரும் உண்டு. கணவன் கடலுக்குப் புறப்படும் நாளில் மனைவி துணி துவைக்க மாட்டாள். துவைத்தால் அலை அவனை அடித்துப் போய்விடும் என்பது நம்பிக்கை.

அன்றைய தொழிலாளர்களின் நினைவுகளில் முதலில் வருவது தூக்கமின்மை. மீன் அகப்பட்டுவிட்டால் நாளொன்றுக்கு 18 மணி நேரம் வேலை. கொட்டும் பனியில், திறந்த தளத்தில் நின்றபடி காட் மீனின் குடலை எடுத்து, கழுவி, கீழ்த்தளத்தில் ஐஸ் போட்டு அடுக்க வேண்டும். குளிர்காலத்தில் தெறிக்கும் கடல்நீர் கயிறுகளிலும் கம்பங்களிலும் அப்படியே உறைந்துவிடும். அதைக் கோடரியால் வெட்டித் தள்ளாவிட்டால் மேல்பாரம் கூடிக் கப்பல் கவிழும்.

1968 ஜனவரி 10-ஆம் தேதி 'செயின்ட் ரோமானஸ்' கப்பல் வானொலி இயக்குநர் இல்லாமலேயே புறப்பட்டது. அது காணாமற்போனதைக் கரையில் உணர்ந்து தேடத் தொடங்கவே இரண்டு வாரத்திற்கு மேல் ஆயிற்று. அடுத்து 'கிங்ஸ்டன் பெரிடாட்' மறைந்தது. பிப்ரவரி 4-ஆம் தேதி ஐஸ்லாந்துக் கரையோரம் 'ராஸ் கிளீவ்லேண்ட்' உறைபனியின் பாரத்தாலும் புயலாலும் கவிழ்ந்தது. மூன்று கப்பல்களிலும் மாண்டவர்கள் 58 பேர். பிழைத்தவர் ஹாரி எடம் ஒருவரே.

பெண்கள் அழுதுகொண்டு வீட்டில் இருந்துவிடவில்லை. மீன் பதனிடும் ஆலையில் வேலை செய்த லிலியன் பிலோக்கா தலைமையில் 10,000 கையெழுத்துகளைத் திரட்டினார்கள். லண்டனுக்குச் சென்று அமைச்சர்களையே சந்தித்தார்கள். ஒவ்வொரு கப்பலிலும் வானொலி இயக்குநர், கடலில் மருத்துவ வசதியுள்ள துணைக் கப்பல் உட்பட 88 பாதுகாப்பு நடவடிக்கைகள் கிடைத்தன. லிலியனுக்குக் கிடைத்ததோ மிரட்டல் கடிதங்கள். வேலையும் பறிபோனது. 1988-இல் அவர் காலமானார்.

1976-இல் ஐஸ்லாந்தின் 200 மைல் எல்லையை பிரிட்டன் ஏற்றதும் ஹல் நகரின் தொலைகடல் தொழிலே நொடித்தது. பல்லாண்டு உழைத்தவர்கள் 'தற்காலிகத் தொழிலாளர்கள்' எனக் கருதப்பட்டதால் பணிநீக்க இழப்பீடு இல்லாமல் கரையேறினார்கள். அரசாங்கம் முறையான இழப்பீட்டுத் திட்டத்தை அறிவித்தது 2000-இல்தான். அதற்குள் பலர் கண்மூடிவிட்டனர்.

புயலை யாரும் தடுக்க முடியாது. ஆனால் வானொலி இயக்குநர் இல்லாமல் கப்பலை அனுப்பியது புயல் அல்ல, மனிதர்கள் எடுத்த முடிவு. ஹெசல் சாலைப் பெண்கள் கேட்டதும் அதைத்தான். ஆபத்தான தொழில் என்று சொல்லிக் கைகழுவும் இடங்களில் இன்றும் கேட்க வேண்டிய கேள்வி அது.