வண்டி வந்துவிட்டது, ஆர்.சி. புக் எங்கே?



போன வாரம் விழுப்புரத்திலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். "சார், புது ஸ்கூட்டர் வாங்கி நாற்பது நாள் ஆச்சு. நம்பர் வந்துடுச்சு, ஆர்.சி. மட்டும் வரலை. ஷோரூம்ல கேட்டா ஆபீஸைக் கேளுங்கறாங்க. ஆபீஸ்ல கேட்டா தபால்ல அனுப்பியாச்சுங்கறாங்க" என்று புலம்பினார். வரலாற்று வாத்தியாரிடம் ஆர்.சி. பற்றிக் கேட்கிறாரே என்று முதலில் சிரித்தேன். பிறகு யோசித்தால், இதற்குள்ளும் ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. அதில் என் சொந்தத் தவறு ஒன்றும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

வண்டிக்கு நம்பர் கொடுக்கும் பழக்கம் பாரிஸ் நகரத்தில் 1893-ல் தொடங்கியது. இங்கிலாந்தில் 1903-ல் சட்டம் போட்டு 1904 ஜனவரி முதல் தேதியிலிருந்து எல்லா மோட்டார் வண்டிக்கும் பதிவைக் கட்டாயமாக்கினார்கள். ஒருவர் மேல் மோதிவிட்டு நிற்காமல் போகிற வண்டி யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் முக்கியக் காரணம். குதிரை வண்டிக்காரனைத் துரத்திப் பிடித்துவிடலாம். மோட்டாரை யார் துரத்துவது? அதனால் வண்டியின் முதுகில் நம்பர், அலுவலகத்தில் ஒரு பதிவேடு.

நம் நாட்டுக்கு 1914-ல் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. அடுத்து 1939-ஆம் வருடச் சட்டம். அதுதான் ஐம்பது வருடம் ஓடியது. என் வயதுக்காரர்கள் வாங்கிய முதல் வண்டிகள் எல்லாம் அந்தச் சட்டத்தின் கீழ் பதிவானவைதான். மூன்று எழுத்து, நான்கு எண். நம் மாநில வண்டி என்றால் 'எம்' என்றோ 'டி' என்றோ தொடங்கும்.

அந்தக் காலத்தில் காத்திருப்பது ஆர்.சி.க்காக இல்லை, வண்டிக்காக. ஸ்கூட்டர் விநியோகத்துக்கும் விற்பனைக்கும் 1960-லேயே மத்திய அரசு கட்டுப்பாட்டு உத்தரவு போட்டுவிட்டது. தொழிற்சாலைக்கு உற்பத்தி அளவு நிர்ணயம், வாங்குபவருக்கு வரிசை எண். 1972-ல் பஜாஜ் சேத்தக் வந்தது. சேத்தக் என்பது மகாராணா பிரதாப்பின் குதிரையின் பெயர் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் குதிரை காற்றாய்ப் பறந்தது. இந்தச் சேத்தக் வீட்டுக்கு வருவதற்கே பல வருடம் ஆகும். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் உறவினர் இருந்தால் சீக்கிரம் கிடைக்கும். மற்றவர்கள் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த 1976-ல் பதிவு செய்தேன். வண்டி வந்தது 1983-ல். இடையில் எனக்குக் கல்யாணம் ஆகி, மூத்தவள் பிறந்து, அவள் பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டாள். ஏழு வருடம் காத்திருந்த எனக்கு ஆர்.சி. புக் கைக்கு வர ஆன மூன்று வாரம் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றிப் பார்ப்பார். சேசிஸ் நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதியை விண்ணப்பத்தோடு ஒட்டிப் பார்ப்பார். பிறகு கையால் எழுதி, முத்திரை குத்தி, சின்னப் புத்தகமாகத் தருவார்கள். 'ஆர்.சி. புக்' என்ற பேச்சு அப்படி வந்ததுதான். இன்று அட்டையாகிவிட்ட பிறகும் நாம் புக் என்றே சொல்கிறோம்.

அப்போது விழுப்புரமும் திண்டிவனமும் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தன. தலைநகரம் கடலூர். பெரிய அலுவலகக் காரியம் என்றால் பயணம்தான், சில நேரம் ஒரு கையெழுத்துக்கு ஒரு பகல் போய்விடும். 1993-ல் மாவட்டம் பிரிந்து விழுப்புரம் தலைநகரமானது. இன்று விழுப்புரத்துக்கு டி.என். 32, திண்டிவனத்துக்கு டி.என். 16 என்று தனித்தனி எண்ணே இருக்கிறது. அலுவலகம் கிட்டே வந்தது. ஆனால் வண்டிகளும் பெருகிவிட்டன. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50, 1985-ல் ஹீரோ ஹோண்டா. வரிசை எண் காலம் மெல்ல முடிந்தது. காலையில் பணம் கட்டினால் மாலையில் வண்டியில் வீட்டுக்கு வரலாம். காத்திருப்பு அப்படியே இடம் மாறி, காகிதத்தின் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பாடம் நடத்தும்போது "இந்தத் தேதியை அடிக்கோடிடு" என்பேனே, அது போல ஒரு தேதி: 1989 ஜூலை 1.

அன்றுதான் 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் இரண்டாவது பிரிவில் 'உரிமையாளர்' யார் என்று ஒரு விளக்கம் உண்டு. யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர் என்கிறது அது. பழைய 1939 சட்டத்தின் விளக்கத்தில் இப்படிப் பதிவுப் பெயரைப் பிடித்துக்கொண்ட வாசகம் இல்லை. கேட்பதற்குச் சின்ன மாற்றம். ஆனால் அதன் பொருள் என்ன? வண்டியை விற்றுப் பணம் வாங்கி, சாவியும் கொடுத்துவிட்டாலும், பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும்வரை விபத்து இழப்பீட்டு வழக்கில் சட்டம் உங்களைத்தான் உரிமையாளர் என்று பார்க்கும்.

நம் ஊர்ப் பழக்கமோ வேறு. "வண்டியை ஓட்டுங்க, பெயர் மாத்திக்கலாம்" என்போம். பெயர் மாற்றத்துக்கான 29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டு, மற்ற இடங்களை நிரப்பாமல் புரோக்கரிடம் கொடுத்துவிடுவோம். வண்டி கைமாறிக் கைமாறிப் போகும்.

என் மச்சான் திண்டிவனத்தில் 2005-ல் தன் மோட்டார் சைக்கிளை அப்படித்தான் விற்றார். அது மூன்று கை மாறியது. 2008-ல் கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் மேல் மோதியது. ஓட்டியவர் யாரென்றே மச்சானுக்குத் தெரியாது. இன்சூரன்ஸ் காலாவதியாகியிருந்தது. விபத்து இழப்பீட்டு வழக்கில் நோட்டீஸ் மச்சான் வீட்டுக்கு வந்தது. "நான் வித்துட்டேனே" என்றார். விற்றதற்கு அவரிடம் ஒரு வெள்ளைத்தாள்கூட இல்லை. கடைசியில் அக்கா நகையை வைத்துத்தான் பணம் கட்டினார்கள். அடிபட்ட பெரியவரின் குடும்பத்தையும் நான் பார்த்தேன். அவர்கள் கேட்டது நியாயமான பணம். யாரிடமாவது அவர்கள் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற வழக்கு, தீர்ப்பு 2018 பிப்ரவரியில். வண்டி பல கை மாறியிருந்தது. உயர் நீதிமன்றம் கடைசியாக வாங்கியவரைப் பொறுப்பாக்கியது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, பதிவில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்றது. விபத்தில் பாதிக்கப்பட்டவர் வண்டி யார் யார் கைக்குப் போனது என்று தேடி அலையக் கூடாது என்பதே அதன் நியாயம். 1904-ல் நம்பர் பலகை எதற்காக வந்ததோ, அதே நியாயம்தான்.

எனவே காத்திருப்பு இரண்டு வகை. ஒன்று, அரசு நம்மைக் காக்க வைப்பது. இன்னொன்று, நாமே பதிவேட்டைக் காக்க வைப்பது.

முதல் வகைக்கு இன்று ஓரளவு மருந்து இருக்கிறது. 2024 பிப்ரவரி கடைசியிலிருந்து நம் மாநிலத்தில் ஆர்.சி.யையும் லைசென்ஸையும் நேரில் தராமல் விரைவுத் தபாலில் அனுப்புகிறார்கள். போன் செய்த மாணவரின் கதை என்னவென்று விசாரித்தேன். அவர் இருப்பது விழுப்புரத்தில் வாடகை வீட்டில். ஆதாரில் உள்ளது திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமத்து முகவரி. ஆர்.சி. அங்கே போய், வீடு பூட்டியிருந்ததால் திரும்பிவிட்டது! ஆகவே வண்டி வாங்கும்போதே முகவரியையும் போன் எண்ணையும் இரண்டு தடவை சரிபாருங்கள். அட்டை வரும்வரை பயப்பட வேண்டாம். 2018 நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்திவிட்டார்கள். டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலியில் உள்ள ஆர்.சி.யைக் காட்டினாலே போதும்.

புதுச்சேரிப் பதிவு வண்டியை இங்கே வைத்து ஓட்டும் சொந்தங்களுக்கும் ஒரு வார்த்தை. வேறு மாநிலத்துப் பதிவு வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்தில் தடையில்லாச் சான்று கேட்க வேண்டும். முப்பது நாளுக்குள் அவர்கள் மறுப்புச் சொல்லாவிட்டால் சான்று தந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். நமக்கு மட்டுமல்ல, அலுவலகத்துக்கும் காலக்கெடு உண்டு. விண்ணப்பித்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

இரண்டாவது வகைக்கு மருந்து நம் கையில்தான். மாநிலத்துக்குள்ளே விற்றால், விற்றவர் பதினான்கு நாளில் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் முப்பது நாளில். உரிமையாளர் காலமாகிவிட்டால், வாரிசு மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்பா வண்டியை அப்பா பெயரிலேயே வைத்திருப்பது பாசமாக இருக்கலாம், சட்டத்தில் அதற்கு இடமில்லை. கடன் முடிந்தவர்கள் 35-ஆம் எண் படிவம் வாங்கி ஆர்.சி.யில் வங்கியின் பெயரையும் நீக்கிவிடுங்கள்.

கடைசியாக என் தவறு. மச்சான் விஷயம் நடந்தபோது அவருக்கு நிறைய உபதேசம் செய்தேன். அன்று இரவு படுத்தபோதுதான் எனக்கே உறைத்தது. 2003-ல் என்னிடம் இருந்த டி.வி.எஸ். 50-ஐ ஒரு மாணவருக்குக் கொடுத்தேன். செய்யாறு பக்கம் முதல் வேலை கிடைத்து, பேருந்து இல்லாத ஊருக்குப் போக வேண்டியிருந்தது அவருக்கு. பணம் வாங்கவில்லை. ஆர்.சி. புக்கைக் கையில் கொடுத்து, "அப்புறம் மாத்திக்கப்பா" என்றேன். அந்த 'அப்புறம்' இருபது வருடம் தாண்டிவிட்டது. இன்றுவரை அது என் பெயரில்தான் இருக்கிறது.

அந்த மாணவர் இதைப் படித்தால் தயவுசெய்து போன் செய்யுங்கள். உங்கள் மேல் ஒரு துளி வருத்தமும் இல்லை, அன்று படிவத்தை நிரப்பாதது நானும்தான். வண்டி ஓடிக்கொண்டிருந்தால் சேர்ந்து போய்ப் பெயர் மாற்றுவோம். காயலான் கடைக்குப் போயிருந்தால் பதிவை ரத்து செய்ய எழுதிக் கொடுப்போம். மற்றவர்கள் இன்றே உங்கள் வீட்டு வண்டிகளின் ஆர்.சி.யை எடுத்து, யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இதுதான் இந்த வார வீட்டுப்பாடம்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்