குழாய்த் தண்ணீரும் மீன்தொட்டியும்: குறைந்த செலவில் பாதுகாப்பான முறை

பனிக்காலத்தில் வெளியே ஓடி விளையாட முடியாத பிள்ளைகளுக்காக நம்மவர் வீடுகள் பலவற்றில் இன்று மீன்தொட்டி இருக்கிறது. தொட்டிக்கும் மோட்டாருக்கும் தாராளமாகக் காசு செலவழிக்கிறோம். மீன் இறந்தால் சாப்பாடு கூடிவிட்டது என்கிறோம். ஆனால் பல வேளைகளில் உண்மைக் காரணம் நாம் மாற்றிய தண்ணீர்தான்.

ஊரில் கிணற்றில் அள்ளிய தண்ணீரை அப்படியே ஊற்றினாலும் மீன் வாழ்ந்தது. நகரக் குழாய் நீரோ கிருமிநீக்கம் செய்யப்பட்டது. நாங்கள் குடிப்பதற்கு அது நல்லது. ஆனால் மீனின் செவுளில் அந்த மருந்து நேராகப் பட்டு அதை அரித்துவிடும். வடிகட்டியின் பஞ்சில் வாழும் நல்ல பக்ரீரியாக்களையும் அது கொல்லும். அவை அழிந்தால் மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா தேங்கும். தண்ணீர் மாற்றி இரண்டு மூன்று நாள் கழித்து மீன் இறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்த ஊர், என்ன மருந்து?

"ஒரு இரவு வாளியில் வைத்துவிட்டு ஊற்றுங்கோ" என்று உறவினர் தொலைபேசியில் சொல்லும் ஆலோசனை எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. நெதர்லாந்திலும் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலும் குளோரின் கலக்காமலே குழாய் நீர் வருகிறது. அங்குள்ளவர் குளோரின் நீக்கும் மருந்து இல்லாமலே மீன் வளர்க்கலாம். குளோரின் மட்டும் கலக்கும் இடங்களில், திறந்த வாளியில் காற்றுக்குமிழி விட்டு 24 முதல் 48 மணிநேரம் வைத்தால் அது வெளியேறிவிடும்.

ரொறன்ரோ, லண்டன், சிட்னியின் பெரும்பகுதி ஆகிய இடங்களில் நிலைமை வேறு. அங்கே குளோரினுடன் அமோனியா சேர்த்த குளோரமின் பயன்படுகிறது. நீண்ட குழாய்களில் மருந்து நீடித்து நிற்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். ஆகவே அது இரவு முழுக்க வைத்தாலும் இலகுவில் போகாது. உங்கள் நகரசபையின் அல்லது தண்ணீர் நிறுவனத்தின் ஆண்டு அறிக்கையில் எது என்று பார்க்கலாம். பரிசோதனைத் தாள் வாங்குவதானால் "மொத்தக் குளோரின்" காட்டும் தாளை வாங்குங்கள். மற்றது குளோரமினைக் காட்டாது.

இரண்டு மருந்துகள்

மலிவானது சோடியம் தயோசல்பேட். பழைய புகைப்படக்காரர் "ஹைப்போ" என்று சொன்ன அதே பளிங்கு. 10 கிராமை 100 மில்லிலீற்றர் சுத்தமான நீரில் கரைத்து, 20 லீற்றர் வாளிக்கு 5 மில்லிலீற்றர் விடுங்கள். குளோரமின் லீற்றருக்கு 3 மில்லிகிராம் வரை இருந்தாலும் இது போதும். ஆனால் குளோரமின் உடையும்போது வரும் அமோனியாவை இது பிடிக்காது. பல மாதம் ஓடிய தொட்டியில் பக்ரீரியா அதைத் தின்றுவிடும். புதுத் தொட்டியில் அது ஆபத்து.

புதுத் தொட்டிக்கு அமோனியாவையும் கட்டுப்படுத்தும் செறிவான மருந்து வேண்டும். பிரைம் என்பது அதில் ஒன்று: 5 மில்லிலீற்றர் 200 லீற்றருக்கு. அதாவது 20 லீற்றர் வாளிக்கு அரை மில்லிலீற்றர். ஊசியில்லாத சிரிஞ்சால் அளக்கலாம்.

கணக்குப் பார்ப்போம்

போத்தலின் விலையைப் பார்க்காதீர்கள். அது எத்தனை லீற்றருக்குப் போதும் என்பதைப் பார்த்து வகுத்துக்கொள்ளுங்கள். 80 லீற்றர் தொட்டியில் வாரம் 20 லீற்றர் மாற்றினால் ஆண்டுக்கு 1,040 லீற்றர். உதாரணத்துக்கு, 5 டொலர் போத்தல் 400 லீற்றருக்குப் போதுமென்றால் ஆண்டுச் செலவு 13 டொலர். 15 டொலர் போத்தல் 10,000 லீற்றருக்குப் போதுமென்றால் ஏறக்குறைய ஒன்றரை டொலர்தான். விலை கூடியது போலத் தெரிவது உண்மையில் மலிவு. தயோசல்பேட் என்றால் ஆண்டுக்கு 26 கிராம் போதும்.

தண்ணீர் மாற்றும் ஒழுங்கு

1. மீனுக்கென்று சவர்க்காரம் படாத தனி வாளி வையுங்கள்.

2. காலையில் குழாயைச் சில நிமிடம் ஓடவிட்ட பின் பிடியுங்கள். பழைய வீடுகளில் ஈயக் குழாய் இருக்கலாம். இரவு முழுக்கக் குழாயில் தேங்கிய நீரில் செம்பும் ஈயமும் கூடுதலாக இருக்கும். சுடுதண்ணீர்த் தாங்கியின் நீரை நேரடியாகப் பாவிக்க வேண்டாம்.

3. மருந்தை வாளியிலே கலந்த பின் ஊற்றுங்கள். குழாயிலிருந்து நேரே தொட்டியை நிரப்புவதானால், முழுத் தொட்டியின் அளவுக்கும் மருந்து விட்ட பின்பே நிரப்ப வேண்டும்.

4. பனிக்காலத்துக் குழாய் நீர் கடுங்குளிர். வாளி தொட்டியின் வெப்பநிலைக்கு வந்தபின் ஊற்றுங்கள்.

5. ஒரு தடவைக்கு நாலில் ஒரு பங்குக்கு மேல் மாற்றாதீர்கள்.

6. வடிகட்டிப் பஞ்சைக் குழாயில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசுங்கள்.

நாடு மாறி வீடு மாறுபவர்கள் நாம். புதிய ஊருக்குப் போகும்போது மீனோடு பழைய முறையையும் கொண்டுபோகாமல், முதலில் அந்த ஊர்த் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டறியுங்கள்.